வெலிங்டன் சொன்ன ‘நைஸ்’ எந்த நைஸ்?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

வாட்டர்லூ போரைப் பற்றிய நீண்ட ஆங்கிலக் கட்டுரையொன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சொல்லில் வந்து வண்டி நின்றுவிட்டது. 1815 ஜூன் 18 அன்று நெப்போலியன் தோற்றார். மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் வெலிங்டன் பிரபு, தாமஸ் கிரீவி என்ற நாடாளுமன்ற உறுப்பினரிடம் போரைப் பற்றிப் பேசியிருக்கிறார். கிரீவி அதை எழுதி வைத்திருக்கிறார். தாமும் பிரஷ்யத் தளபதி புளூக்கரும் 30,000 பேரை இழந்துவிட்டதாகச் சொன்ன வெலிங்டன், அதே மூச்சில் அந்தப் போரை ‘எ டாம்ட் நைஸ் திங்’ என்கிறார். (1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நின்ற படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் இந்த வெலிங்டன் பிரபு ஆனார்.)

என்னுடைய முதல் வரைவில் ‘அது படு அருமையான காரியம்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் துணைவியார், முப்பதாயிரம் பேரைப் பறிகொடுத்த மனிதர் மறுநாளே இப்படிப் பேசியிருந்தால் அவருக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று கேட்டார். எனக்கும் அப்போதுதான் உறுத்தியது. இது நாம் அன்றாடம் சொல்லும் ‘நைஸ்’தானா, அல்லது வேறு ஏதாவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழில் என்ன போடலாம் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சொல்லகழ்வி எழுதியது:

உங்கள் துணைவியாருக்கு முதலில் ஒரு வணக்கம். அவர் பிடித்த இடம் சரியான இடம். வெலிங்டன் சொன்ன ‘நைஸ்’ நம்முடைய ‘நைஸ்’ அன்று. ஒரு பக்கம் சாய்ந்தால் வெற்றி, மறுபக்கம் சாய்ந்தால் தோல்வி என்று முள் நடுவில் ஆடிக்கொண்டிருந்த நிலையைத்தான் அவர் அந்தச் சொல்லால் குறித்தார். அடுத்த தொடரிலேயே ‘உங்கள் ஆயுளில் நீங்கள் கண்டவற்றுள் இதுபோல நூலளவில் தப்பியது வேறில்லை’ என்ற பொருளில் அவரே விளக்கமும் சொல்லிவிடுகிறார். அந்தத் தொடரைச் சேர்த்துப் படித்தால் குழப்பம் இல்லை.

இந்தச் சொல்லின் வரலாறு கொஞ்சம் வேடிக்கையானது. லத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ‘சயின்ஸ்’ என்ற சொல் பிறந்தது அங்கிருந்துதான். அதற்கு முன்னால் எதிர்மறையைச் சேர்த்தால் ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து, ‘நைஸ்’ என்று இன்று நாம் எழுதும் அதே எழுத்துகளோடு, முட்டாள்தனமான என்ற பொருளில் வழங்கியது. நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்து குவிந்த பிரெஞ்சுச் சொற்களோடு இதுவும் சேர்ந்து, 1300ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. அப்போது ஒருவரை நைஸ் என்றால் அவர் மடையர் என்று பொருள். ஸ்பானிஷ் மொழியில் அதே லத்தீன் சொல்லின் வழிவந்த ‘நெசியோ’ இன்றைக்கும் முட்டாளைத்தான் குறிக்கிறது. அண்ணன் ஊரிலேயே தங்கிவிட்டான், தம்பி பிழைக்கப் போன இடத்தில் பெரிய மனிதனாகிவிட்டான்.

முட்டாள் என்ற பொருளிலிருந்து ஒழுக்கம் கெட்ட, பகட்டாக உடுத்துகிற, எதற்கும் முகம் சுளிக்கிற, கூச்சமுள்ள, மென்மையான, நுட்பமான, துல்லியமான என்று இந்தச் சொல் போகாத ஊரில்லை. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இதற்குத் தரும் முதற்பொருள், மிக நுணுக்கமாகத் தீர்மானிக்கக்கூடிய, தேவைக்கு மேலேயே நுணுக்கம் பார்க்கிற என்பதாகும். இனிய, விரும்பத்தக்க என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் நன்றாக வேரூன்றுகிறது. அன்பான, பிறரிடம் இதமாக நடந்துகொள்கிற என்ற பொருளுக்கு 19ஆம் நூற்றாண்டு வரை வரவேண்டும். வெலிங்டன் 1769இல் பிறந்தவர். அவர் வாயில் பழைய பொருள் உயிரோடு இருந்ததில் வியப்பில்லை.

கருப்பங்கி எழுதியது:

அந்தப் பழைய பொருள் செத்துவிட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் தொழிலில் அது இன்றைக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறது. பழைய தீர்ப்புகளைப் புரட்டினால் ‘எ நைஸ் கொஸ்டின் ஆஃப் லா’ என்ற தொடரை அடிக்கடி காணலாம். இரண்டு பக்கமும் சட்டம் பேசக்கூடிய, நூலிழை வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டிய கேள்வி என்று அதற்குப் பொருள். ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பதும் அப்படியே.

நான் வழக்கறிஞராகப் பதிவு செய்த முதல் ஆண்டில் மூத்தவர் ஒருவரிடம் இளையவராக இருந்தேன். கட்சிக்காரர் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவருடைய சொத்து வழக்கில் முன்னுதாரணமாகக் காட்டவிருந்த ஒரு தீர்ப்பைத் தமிழில் சுருக்கிச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. நீதிபதி ‘நைஸ் பாயிண்ட்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, ‘உங்களைப் போன்ற ஒருவர் தரப்பில் சொன்ன வாதம் நல்ல வாதம் என்று நீதிபதி பாராட்டியிருக்கிறார்’ என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மூத்தவர் வெளியே வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ‘தம்பி, அவர் பாராட்டவில்லை, தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்’ என்றார். கட்சிக்காரர் முகத்தில் மலர்ந்தது அப்படியே வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை.

குமரிக்கண்டன் எழுதியது:

எல்லோரும் லத்தீன் வரைக்கும் ஓடுகிறீர்கள். நம் வீட்டுக் கொல்லையைத் திரும்பிப் பாருங்கள். தமிழில் ‘நை’ என்ற வினை இருக்கிறது. நைதல் என்றால் இளகுதல், குழைதல், மென்மையாதல். உள்ளம் நைந்துருகுவதாக நம் பக்திப் பாடல்கள் முழுக்கப் பேசுகின்றன. மென்மையான என்ற பொருள் ஆங்கிலச் சொல்லுக்கும் உண்டு என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். ஒலியும் ஒக்கிறது, பொருளும் ஒக்கிறது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? தமிழிலிருந்து போனது என்று ஒப்புக்கொள்ள மனம் வராதவர்கள் வடமொழி ‘நீச’ என்பதையாவது பார்க்கட்டும். இழிந்தவன் என்ற பொருள், முட்டாள் என்ற பொருளுக்குப் பக்கத்து வீடுதான்.

சொல்லகழ்வி எழுதியது:

ஐயா, உங்கள் மொழிப்பற்றை மதிக்கிறேன். ஆனால் ஒலி ஒப்புமையை மட்டும் வைத்துக்கொண்டு சொற்பிறப்பு சொல்வது, முகச்சாயலை வைத்து உறவு சொல்வது போன்றது. பத்திரம் இருக்கும்போது சாயலைப் பார்க்கத் தேவையில்லை. இங்கே பத்திரம் இருக்கிறது.

முதலாவது, ‘நை’ என்பதிலிருந்து போயிருந்தால் ஆங்கிலத்தில் மிகப் பழைய பொருள் மென்மையான என்பதாக இருந்திருக்க வேண்டும். இருப்பதோ முட்டாள்தனமான என்ற பொருள். மென்மை அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டாவது, நீங்கள் இன்றைய உச்சரிப்பைக் கொண்டுபோய் ஒப்பிடுகிறீர்கள். 1400இல் இறந்த சாசர் என்ற கவிஞர் காலத்தில் இந்தச் சொல்லை ‘நைஸ்’ என்று யாரும் சொல்லவில்லை, ஏறத்தாழ ‘நீஸ்’ என்றே சொன்னார்கள். ‘டைம்’ அப்போது ‘டீம்’ போல ஒலித்தது, எலிகளைக் குறிக்கும் ‘மைஸ்’ அப்போது ‘மீஸ்’. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கிலத்தின் நெடில்களெல்லாம் ஒருசேர இடம் பெயர்ந்தபோதுதான் இந்த ‘ஈ’ மெல்ல ‘ஐ’ ஆனது. ஆகவே ‘நை’ ஒலி ஒக்கிறது என்பது பின்னாளில் நேர்ந்த தற்செயல்.

‘அப்படியானால் நீஸ் என்பது நீச என்பதற்குப் பொருந்துகிறதே’ என்று உடனே கேட்பீர்கள், தெரியும். வடமொழிச் சொல்லின் வேர் கீழ்நோக்கிய என்ற பொருளுடையது. லத்தீன் சொல்லின் வேரோ அறிதலும் அதன் மறுப்பும். நடுவில் இருக்கும் பழைய பிரெஞ்சு வடிவமும் அதற்கு முந்தைய லத்தீன் வடிவமும் ஏட்டில் கிடைக்கின்றன. சங்கிலியில் ஒரு கண்ணியும் அறுபடவில்லை.

சாசரைச் சொன்னதால் ஒரு செய்தி. 1380களில் அவர் எழுதிய ட்ராய்லஸ், கிரிசெய்டு காதல் காவியத்தின் இரண்டாம் பகுதியில், ஆயிரம் ஆண்டுகளில் பேச்சின் வடிவம் மாறிவிடுகிறது, அன்றைக்கு மதிப்போடு இருந்த சொற்கள் இன்றைக்கு நமக்கு வியப்பூட்டும் அளவுக்கு ‘நைஸ்’ ஆகவும் புதிராகவும் தோன்றுகின்றன என்று ஓரிடத்தில் சொல்கிறார். அவர் நினைத்தது அசட்டுத்தனமாக என்ற பொருளை. இன்றைய ஆங்கில மாணவர் அந்த வரியைக் குறிப்புரை இல்லாமல் படித்தால், பழைய சொற்கள் நமக்கு மிக இனிமையாகத் தோன்றுகின்றன என்று நேர்மாறாக விளங்கிக்கொள்வார். சொற்கள் மாறும் என்று சொல்ல அவர் எடுத்த சொல்லே மாறிப்போய்விட்டது. இதைவிடப் பொருத்தமான விபத்தை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை.

அம்மிக்கல் எழுதியது:

லத்தீன், பிரெஞ்சு எல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ‘நைஸ்’ மாவு மில்லில் இருக்கிறது. எங்கள் தெருமுனை மில்லில் வாளியைக் கொண்டுபோய் வைத்தால், மில்காரர் முதலில் கேட்கும் கேள்வி ‘நைசா வேணுமா, கொரகொரன்னு வேணுமா’ என்பதுதான். இடியாப்பத்துக்கு என்றால் நைசாக, புட்டுக்கு என்றால் சற்றுக் கொரகொரப்பாக. துணிக்குழாய் வழியாக மாவு இறங்கத் தொடங்கியதும் அவர் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். விரலில் மணல்போல நெருடினால் கல்லை ஒரு திருகு இறுக்குவார். சூடான மாவு மணத்தோடு அந்த இரண்டு விரல்களும் உரசுவதுதான் எனக்கு ‘நைஸ்’.

அதே ‘நைஸ்’ வேறு வேலைகளும் செய்கிறது. கூட்டம் முடிவதற்குள் ஒருவர் நைசாக நழுவிவிடுகிறார். கடன் கேட்க வந்தவர் நைசாகப் பேச்சுக் கொடுக்கிறார். இங்கே அது ஓசைப்படாமல், பிறர் அறியாமல், கொஞ்சம் கள்ளத்தனமாக என்ற பொருளில் வருகிறது. ஆங்கிலேயர் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. என் ஐயம் இதுதான்: மில்காரர் வாயில் இருப்பது, அறிஞர்கள் மேலே பேசிய ஜான்சன் காலத்து நுண்மைப் பொருள் இங்கே தங்கிப்போனதா? அல்லது குமரிக்கண்டன் ஐயா சொல்லும் ‘நை’ இந்த இடத்திலாவது சரியாக வருமா? ‘நைய அரைத்தல்’ என்று எங்கள் அப்பத்தா சொல்லியிருக்கிறார்.

குமரிக்கண்டன் எழுதியது:

அம்மிக்கல் அம்மாவுக்கு நன்றி. ஆங்கிலத்துக்குப் போனதை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மாவு மில்லை விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிது என்பது பேச்சில் புதுசு ஆகிறது, பெரிது என்பது பெரிசு ஆகிறது. அதுபோல நைசும் நம்முடையதாக ஏன் இருக்கக்கூடாது?

சொல்லகழ்வி எழுதியது:

இந்த முறை உங்கள் கேள்வி வலுவான கேள்வி, ஐயா. இருந்தாலும் என் தராசு ஆங்கிலப் பக்கமே சாய்கிறது. புதுசு, பெரிசு, சிறிசு எல்லாம் புதிது, பெரிது, சிறிது என்ற பண்புச் சொற்களின் ஈற்றிலிருந்த ‘து’ திரிந்து வந்தவை. ‘நை’ வினைச்சொல். அதிலிருந்து ‘நைது’ என்ற பண்புச் சொல் இலக்கியத்தில் வழங்கினால்தான் நைசு என்பதற்கு வழி கிடைக்கும். நைந்தது என்பதிலிருந்து நைஞ்சது வரும், நைசு வராது. பொருளும் ஒத்துவரவில்லை. நைந்த துணி என்றால் கந்தலாகப் போன துணி. நைஸ் துணி என்றால் தொட்டால் வழுக்குகிற துணி. இரண்டையும் ஒரே கடையில் ஒரே விலைக்கு விற்க முடியாது. அப்பத்தாவின் ‘நைய அரைத்தல்’ தமிழ் வழக்குத்தான், மில்காரரின் ‘நைஸ்’ அதன் பக்கத்தில் வந்து குடியேறிய விருந்தாளி. ஒலியும் பொருளும் கிட்டத்தட்ட ஒத்த சொல் முன்பே வீட்டில் இருந்ததால் விருந்தாளி எளிதாக ஒட்டிக்கொண்டார் என்பதை மட்டும் உங்கள் கட்சிக்கு விட்டுத்தருகிறேன்.

அது ஜான்சன் காலத்து நுண்மைப் பொருளா என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றிய 1639இலிருந்து நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பொருளே அவர்களிடம் மேலோங்கியிருந்தது என்பது உண்மை. ஆனால் அவர்களும் மாவை ‘ஃபைன்’ என்றார்களே தவிர ‘நைஸ்’ என்று சொல்லும் வழக்கம் இல்லை. நான் நினைக்கும் வழி வேறு. ‘நல்ல ரகம்’ என்ற பொருளில் சொல் வந்திருக்கும். துணியிலும் மாவிலும் நல்ல ரகம் என்பது கைக்கு நெருடாமல் வழுவழுப்பாக இருப்பது. ஆகவே நைஸ் என்றால் வழுவழுப்பு. வழுவழுப்பானது ஓசையின்றி நழுவும். ஆகவே நைசாக நழுவுதல். ஆங்கிலத்தில் எழுநூறு ஆண்டுகள் நடந்த பயணத்துக்குத் தமிழில் ஒரு தனிக் கிளைவழி இது. வெலிங்டனின் ‘நைஸ்’ இந்தக் கிளையில் இல்லை என்பதை ஏட்டுச்சுரைக்காய் நினைவில் கொள்ளட்டும். ‘போர் நைசாக முடிந்தது’ என்று எழுதிவிட வேண்டாம்.

சிவப்புமை எழுதியது:

ஆங்கில ஆசிரியையாக முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவள் நான். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், கட்டுரை ஏடுகளில் ‘நைஸ்’ என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். எனக்கு அதைக் கற்றுத் தந்தது என் ஆசிரியை. ‘வானிலை நைஸ், மாமா நைஸ், பாயசம் நைஸ் என்றால் மூன்றுக்கும் என்ன வேறுபாடு’ என்று கேட்பார். மூன்று இடத்திலும் வேறு வேறு சொல் போட்டு எழுதி வந்தால்தான் ஏட்டைத் திருப்பித் தருவார். நானும் அதையே செய்தேன்.

இந்தக் குறை எங்கள் கண்டுபிடிப்பு அன்று. ஜேன் ஆஸ்டின் மறைந்த 1817ஆம் ஆண்டின் இறுதியில், மறுவருடத் தேதியிட்டு வெளிவந்த நார்தாங்கர் ஆபி நாவலில் ஹென்றி டில்னி என்ற இளைஞன் கதாநாயகியை இதற்காகவே கேலி செய்கிறான். நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ் பெண்கள், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் இது என்று கிண்டலடித்துவிட்டு, ஆதியில் இது செம்மை, நயம், மென்மை ஆகியவற்றைக் குறிக்கத்தான் வழங்கியிருக்கலாம் என்று இலக்கணமும் பேசுகிறான். வகுப்பில் நான் அவன் பக்கம்தான் நின்றேன். இந்த இழையைப் படித்த பிறகு ஒன்று புரிகிறது: அவன் ஆதி என்று நினைத்தது ஆதியே இல்லை, நடுவழியில் ஒரு நிறுத்தம். உண்மையான ஆதிக்கே போவதென்றால் ‘இரண்டு அசட்டுப் பெண்கள்’ என்றல்லவா அவன் சொல்லியிருப்பான்! நல்ல வேளையாக ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல்லைப் போட்டு ஆஸ்டின் அவனைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அல்லது அவன் மேதாவித்தனத்தைச் சுட்டிக்காட்டவே அதைப் போட்டாரோ, அந்த அம்மையாரை நம்ப முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1926இல் ஆங்கில நடைக்குக் கையேடு எழுதிய ஃபவுலர், இந்தச் சொல்லின் தனித்தன்மையைக் கரைத்து வெறும் இதமான பூச்சாக ஆக்கிவிட்ட பழியைப் பெண்கள் தலையில் போட்டார். எனக்கு அது அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. அவர்கள் கெடுத்ததாகச் சொல்லும் பொருளை ஆண்களும்தான் காலையிலிருந்து இரவு வரை பயன்படுத்தினார்கள். பழகிப் பழகித் தேய்ந்த காசுக்கு எந்தக் கை பொறுப்பு என்று எப்படிச் சொல்வது?

சொல்லகழ்வி எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் பல நாளாக மனத்தில் கிடந்த ஒன்று சட்டென்று பொருந்தியது. முட்டாள்தனத்தைக் குறித்த சொல் மென்மையையும் நயத்தையும் குறிக்க எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு ஆங்கில நூல்களில் பெரும்பாலும் படிகளின் பட்டியல்தான் கிடைக்கும், காரணம் கிடைக்காது. தமிழ் படித்தவருக்கு அந்தக் காரணம் புதிதன்று. நம்மிடம் ‘மடம்’ என்ற சொல் இருக்கிறது.

மடமை என்றால் அறியாமை. குறளில் ‘வன்மையுள் வன்மை மடவார்ப் பொறை’ என்ற இடத்தில் மடவார் அறிவிலிகள். அவர்கள் செய்வதைப் பொறுத்துக்கொள்வதே வலிமையுள் வலிமை. ஆனால் அதே மடம், தொல்காப்பியக் களவியலில் அச்சம், நாணம் ஆகியவற்றோடு பெண்ணின் இயல்பாக எண்ணப்படுகிறது. மடமயில், மடமான் என்று புலவர்கள் பாடும்போது மயிலையும் மானையும் முட்டாள் என்று திட்டவில்லை, கள்ளமறியாத இளமையும் மென்மையுமே அங்கே அழகு. மடந்தை, மடவார் என்பன பெண்களுக்குப் பெயராகவே ஆகிவிட்டன. அறியாமை, அறியாமையிலிருந்து கூச்சம், கூச்சத்திலிருந்து மென்மை, மென்மையிலிருந்து அழகு. நைஸ் போன வழியில் பாதி வழி இதுவே என்பது என் கருத்து. அறியாமையை அழகென்று கொண்டாடிய சமூகம் இரண்டு இடத்திலும் இருந்தது, இரண்டு இடத்திலும் அந்த அழகைச் சுமக்கச் சொன்னது பெண்களைத்தான். கடைசியில் சொல்லைக் கெடுத்ததாகப் பழியும் அவர்களுக்கே வந்தது என்று நீங்கள் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எதிர்த்திசையில் போன சொல்லும் உண்டு. ‘சில்லி’ என்றால் இன்று அசட்டுத்தனம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூத்த வடிவத்துக்குப் பேறு பெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள். ஜெர்மானிய மொழியில் ‘ஸேலிக்’ இன்னும் அந்தப் பேற்றோடுதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது கள்ளமற்றவர், பாவப்பட்டவர், விவரமற்றவர் என்று இறங்கி வந்துவிட்டது. நைஸ் ஏறிய படிக்கட்டில் சில்லி இறங்கிக்கொண்டிருந்தது. கள்ளமின்மை என்ற படியில் இரண்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுபக்கம் எழுதியது:

இத்தனை நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். சொல்லகழ்வியின் படிக்கட்டு அழகாக இருக்கிறது, அழகாக இருப்பதுதான் எனக்குக் கவலை. ஒரு பொருள் போய் அடுத்த பொருள் வந்தது, அது போய் அதற்கடுத்தது வந்தது என்று வரிசைப்படுத்துகிறோம். ஏடுகளைப் பார்த்தால் பொருள்களெல்லாம் ஒரே காலத்தில் ஒரே திண்ணையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன.

ஷேக்ஸ்பியர் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமியோ ஜூலியட்டில், ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை என்று கேட்ட பாதிரியார் லாரன்ஸ் பதறிப்போய், அந்தக் கடிதம் ‘நைஸ்’ அன்று, பெரிய பொறுப்பைச் சுமந்தது என்கிறார். அங்கே நைஸ் என்றால் அற்பமான. சில ஆண்டுகள் கழித்து எழுதிய ஐந்தாம் ஹென்றி நாடகத்தில், திருமணத்துக்கு முன் முத்தமிடுவது பிரெஞ்சுப் பெண்களின் வழக்கமன்று என்று இளவரசி தயங்கும்போது, ‘நைஸ்’ வழக்கங்கள் பேரரசர்கள் முன் வணங்கி வழிவிடும் என்கிறான் அரசன். அங்கே நைஸ் என்றால் ஆசாரமான, மிகக் கறாரான. ஒரே எழுத்தாளர், ஒரே பத்தாண்டு, அற்பமும் ஆசாரமும் ஒரே சொல்லில். 16, 17ஆம் நூற்றாண்டு எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை எண்ணினார் என்று சொல்வது கடினம் என ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தொகுப்பாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைவிட்ட இடத்தில் நாம் மடம் என்ற ஒரு சாவியைப் போட்டுத் திறந்துவிட்டதாக நினைப்பது சரியில்லை. மடம் மென்மைக்கு வழி சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். துல்லியத்துக்கு எங்கே வழி சொல்கிறது?

சொல்லகழ்வி எழுதியது:

நியாயமான அடி. பாதி வழி என்றுதான் சொன்னேன். மறுபாதிக்கு, எதற்கும் முகம் சுளிக்கிற என்ற பொருளைப் பிடித்துப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். சோற்றில் ஒரு கல் இருந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறவரை முதலில் அசடு என்கிறோம், பிறகு சோற்றில் கல் பொறுக்க அவரையே கூப்பிடுகிறோம். சின்ன வேறுபாட்டைக்கூடத் தாங்காதவர், சின்ன வேறுபாட்டையும் கண்டுபிடிப்பவர் ஆகிவிடுகிறார். அவர் கண்டுபிடிக்கும் வேறுபாடும் பிறகு அதே பெயரைப் பெறுகிறது. திண்ணையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை.

புதுமுகம் எழுதியது:

பிரான்சில் இருக்கும் நீஸ் நகரத்தின் பெயரையும் இதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். அதுவும் முட்டாள் ஊரா? சர்க்கரை தூவிய தேங்காய் மண பிஸ்கட்டின் மேல் எழுதியிருப்பது எது?

கருப்பங்கி எழுதியது:

நகரத்தின் பெயர் கிரேக்கக் குடியேறிகள் வைத்த ‘நிகாயா’ என்பதிலிருந்து வந்தது. வெற்றித் தெய்வமான நிகேயின் பெயர் அது. முட்டாளுக்கும் அந்த ஊருக்கும் உறவில்லை. பிஸ்கட்டை நீஸ் என்பதா, நைஸ் என்பதா என்ற வழக்கு இங்கிலாந்திலேயே இன்னும் வாய்தாவில் இருக்கிறது. தேநீரில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்களுக்குத் தீர்ப்பு தேவைப்படுவதில்லை.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று நாளாக இழையைப் படித்துக்கொண்டே பல விதமாக எழுதிப் பார்த்தேன். ‘நுட்பமான காரியம்’ என்றால் போர்த் தந்திரத்தைப் புகழ்வது போல ஆகிவிடுகிறது. ‘நூலிழை’ நன்றாக இருக்கிறது, ஆனால் அலுத்துப் போன தளபதியின் வாயில் அது கொஞ்சம் நாகரிகமாக ஒலிக்கிறது. முன்னால் ஒரு வசவும் இருக்கிறது. இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்:

‘புளூக்கரும் நானும் 30,000 பேரை இழந்துவிட்டோம். பாழாய்ப்போன மயிரிழைக் காரியம் அது. இவ்வளவு நெருக்கத்தில் வந்து தப்பிய எதையும் உங்கள் ஆயுளில் நீங்கள் பார்த்திருக்க முடியாது.’

கருப்பங்கி எழுதியது:

‘மயிரிழைக் காரியம்’ பிரமாதம். ‘பார்த்திருக்க முடியாது’ என்பது மட்டும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போல இருக்கிறது. ‘பார்த்திருக்க மாட்டீர்கள்’ என்று மாற்றிவிடுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

மாற்றிவிட்டேன். துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். இந்த முறை அவர் வெலிங்டனைத் திட்டவில்லை. அடுத்த பத்தியில் ஒரு குதிரையை ‘ஸில்லி’ என்று சொல்லியிருக்கிறதே, அது எந்தக் காலத்து ‘ஸில்லி’ என்று கேட்கிறார்.